தீப்பந்தம் எடுப்பதற்கு முன், வந்திருப்பது யார் என்று பாருங்கள்

எங்கள் பழைய வீட்டின் சமையலறை ஜன்னலுக்குக் கீழே சுவரில் ஒரு வெடிப்பு இருந்தது. அதிலிருந்து கறுத்த பிசினாலான சிறு குழாய் ஒன்று சுண்டுவிரல் நுனி அளவுக்கு நீண்டிருக்கும். அதன் வாயில் கொசு போன்ற நாலைந்து பூச்சிகள் எந்நேரமும் காவல் நிற்கும். ஒரு பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது குழாயை உடைத்துவிட்டு சிமெண்ட் பூசி அடைத்தோம். பூவுக்குப் போயிருந்தவை திரும்பிவந்து, அடைத்த இடத்தையே இரண்டு நாள் சுற்றிக்கொண்டிருந்தன. அவை கொசுத்தேனீக்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அவற்றால் கொட்டவே முடியாது. தொந்தரவு செய்தால் தலைமுடிக்குள் புகுந்து கடிக்கும், அவ்வளவுதான். சுவருக்குள் ஒரு குடும்பத்தையே உயிரோடு பூசிவிட்டோம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

ரீங்காரம் கேட்டதும் எல்லாவற்றையும் ஒரே பூச்சியாக நினைத்துவிடுகிறோம். மற்ற தவறுகள் எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

மாமரக் கிளையிலோ கொடிக்கம்பத்திலோ திடீரென்று பலாக்காய் போல ஒரு கொத்து தொங்கினால், தெருவே கூடி மண்ணெண்ணெயைத் தேடுகிறது. பெரும்பாலும் அது அடுக்குத்தேனீக் கூட்டம் பிரிந்து புது வீடு தேடிப் போகும் வழியில் இளைப்பாறுவதுதான். அங்கே அடையும் இல்லை, காக்க வேண்டிய குஞ்சும் இல்லை. வயிறு நிறையத் தேனைக் குடித்துவிட்டுக் கிளம்பியிருக்கும் அவை, சீண்டாதவரை யாரையும் கொட்ட வருவதில்லை. சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ போய்விடும். தேனீ வளர்ப்போர் யாராவது பக்கத்தில் இருந்தால் மகிழ்ச்சியோடு பெட்டியில் பிடித்துக்கொண்டு போவார்கள்.

மருதாணி வேலியிலோ எலுமிச்சைச் செடியிலோ உள்ளங்கை அகலத்தில் ஒற்றை அடை தெரிந்தால் அது கொம்புத்தேனீ. அதில் கிடைக்கும் இரண்டு கரண்டித் தேனுக்காகக் கிளையோடு வெட்டுகிறார்கள். தேன் இருப்பது கிளையை ஒட்டிய மேல் பகுதியில் மட்டும். கீழே தொங்குவதெல்லாம் புழுவும் கூட்டுப்புழுவும்தான்.

மலைத்தேனீயிடம் மட்டும் இந்தத் தாராளம் செல்லாது. அடுக்குமாடியின் மேல்தளம், தண்ணீர்த் தொட்டியின் அடிப்பக்கம், கோயில் கோபுரம், உயர்ந்த ஆலமரம் ஆகியவை அதன் இடங்கள். ஒற்றை அடைதான், ஆனால் ஒரு மீட்டருக்கும் மேல் அகலம் வரும். தூரத்திலிருந்து கவனித்தால் அடையின் மேல் அலை ஓடுவது தெரியும். ஆயிரக்கணக்கான தேனீக்கள் அடுத்தடுத்து வயிற்றைத் தூக்கி இறக்கி, நெருங்கும் எதிரியை எச்சரிக்கின்றன. அந்த அலையைப் பார்த்த பிறகும் கல் எறிவதும், கீழே புகை போடுவதும், பக்கத்தில் வெடி வெடிப்பதும்தான் பெரும் விபத்துகளில் முடிகின்றன. இரவில் கொளுத்தினால் பாதுகாப்பு என்பதும் தவறு. தப்பியவை வெளிச்சத்தைத் தேடிப் பறந்து வீட்டு விளக்குக்கே வரும். கைக்கெட்டாத உயரத்தில் இருந்தால் விட்டுவிடுங்கள். இது இடம்பெயரும் இனம். பூக்காலம் முடிந்தால் அடையை விட்டுவிட்டுத் தானே கிளம்பிவிடும். ஆள் நடமாடும் இடத்தில் கட்டியிருந்தால் தீயணைப்புத் துறையை 101 எண்ணில் அழையுங்கள். ஏணியோடு நீங்கள் ஏறாதீர்கள்.

கதண்டு தேனீயே அல்ல; பெரிய குளவி. கறுத்த உடலில் அகலமான மஞ்சள் பட்டை, காகிதக்கூழ் போன்ற கூடு, உள்ளே ஒரு சொட்டுத் தேன் கிடையாது. தேனீயின் கொடுக்கு நம் தோலில் சிக்கி அறுந்துவிடும், கொட்டிய தேனீ செத்துப்போகும். கதண்டோ திரும்பத் திரும்பக் கொட்டும். தென்னையிலும் பனையிலும் ஏறுவதற்கு முன் அண்ணாந்து பார்க்காமல் உயிரை விட்டவர்கள் உண்டு.

தேனீக்கள் துரத்தினால் கையை வீசாதீர்கள், நின்று போராடாதீர்கள். கொட்டிய இடத்தில் கிளம்பும் வாழைப்பழ வாடை மற்ற தேனீக்களையும் அழைக்கும். முகத்தை மூடிக்கொண்டு ஓடி, கதவு சாத்தக்கூடிய அறைக்குள் போங்கள். கிணற்றிலோ குளத்திலோ குதித்தால் மேலேயே வட்டமிட்டுக் காத்திருக்கும். கொடுக்கை உடனே எடுங்கள். அறுந்த பிறகும் அதன் நஞ்சுப்பை சுரந்துகொண்டே இருக்கும். நகத்தாலா, அட்டையாலா என்று யோசிக்கும் நேரத்தில் இன்னும் கொஞ்சம் நஞ்சு ஏறிவிடும். சுண்ணாம்பு தடவுவது நம் வீடுகளில் வழக்கம். தோலுக்கு அடியில் இறங்கிய நஞ்சை அது முறிக்காது. சோப்புப் போட்டுக் கழுவி ஐஸ் ஒத்தடம் கொடுங்கள். மூச்சுத் திணறல், முகமோ நாக்கோ வீங்குதல், தலைசுற்றல், உடல் முழுக்கத் தடிப்பு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐ அழைத்துவிடுங்கள். ஒரே ஒரு கொட்டாக இருந்தாலும் சரி. பல இடங்களில் கொட்டியிருந்தால், அறிகுறி எதுவும் தெரியாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இனி, அநியாயமாகச் சாகிறவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டைவிரல் பருமனில், கன்னங்கரேலென்று, வெயில் பட்டால் நீலமாக மின்னும் இறக்கையோடு வரும் கருவண்டைக் கொசு பேட்டால் அடிக்கிறார்கள். பலர் வண்டு என்று அழைக்கும் அது தச்சுத்தேனீ. பட்ட மரத்திலும் மூங்கிலிலும் துளையிட்டுத் தனியாக வாழும். ஆண் தேனீக்குக் கொடுக்கே இல்லை. பெண்ணும் கையில் பிடித்து நசுக்கினால் ஒழியக் கொட்டுவதில்லை. முருங்கைப் பூ காயாவதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. காலையில் கத்திரிச்செடி முன்னால் கொஞ்சம் நின்று பாருங்கள். கத்திரிப் பூவின் மகரந்தப்பைக்கு நுனியில் சிறு துளை மட்டுமே உண்டு. தச்சுத்தேனீயோ, வயிற்றில் நீல வரிகள் ஓடும் நீலப்பட்டைத் தேனீயோ பூவைக் கட்டிப்பிடித்து உடலை அதிரவைக்கும். ரீங்காரம் சட்டென்று சுருதி மாறிக் கூர்மையாகும். அந்த அதிர்வில் மகரந்தம் உப்புத் தூவியது போல அதன் வயிற்றில் கொட்டும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்களுக்கு இந்த வித்தை வராது.

ரோஜா இலையின் ஓரத்தில் வட்டமாக, கத்தரியால் வெட்டியது போலத் துண்டு காணாமல் போயிருந்தால் புழு என்று மருந்தடிக்காதீர்கள். இலைவெட்டித் தேனீ தன் குஞ்சுக்கு அறை கட்ட எடுத்துப்போயிருக்கிறது. செடிக்கு எந்தக் கேடும் இல்லை.

மருந்தடிக்கும் நேரத்திலும் தவறு செய்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குத்தான் நமக்கு ஓய்வு. பூசணியும் வெள்ளரியும் பூத்திருக்க, தேனீக்களும் அந்த நேரத்தில்தான் வேலையில் இருக்கின்றன. வேப்பெண்ணெய்க் கரைசலாக இருந்தாலும் அந்திசாய்ந்து, தேனீக்கள் கூடு திரும்பிய பிறகு, பூக்களில் படாமல் அடியுங்கள். வேரில் ஊற்றும் மருந்தாயிற்றே என்று இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லியை ஊற்றுவது அதைவிட மோசம். அது செடி முழுக்கப் பரவி மகரந்தத்திலும் தேனிலும் கலக்கும். அந்தச் செடிக்கு வரும் தேனீயை எந்த நேரக் கணக்காலும் காப்பாற்ற முடியாது.