கோடிங்குக்கு மாறும் முன் நம்மாட்கள் செய்யும் தவறுகள்

கோவை சரவணம்பட்டியில் எங்கள் தெருமுனை டீக்கடைக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால், பெரும்பாலும் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியோடு வந்துவிடுவார். போன வருஷம் வந்தவர் அரசூர்ப் பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில் புரொடக்‌ஷன் இன்ஜினியர். மெக்கானிக்கல் முடித்து ஐந்து வருஷம்.

"அண்ணா, ஐ.டி.க்கு மாறிரலாம்னு இருக்கேனுங்க. ஆறு மாசக் கோர்ஸ், அறுபதாயிரம் கேக்கறாங்க. வேலையை விட்டுட்டு முழு நேரமாச் சேந்துரட்டுங்களா?"

"இதுவரைக்கும் ஒரு பத்து வரியாச்சும் எழுதிப் பாத்தீங்களா?"

"இல்லீங்ணா, சேந்தாத்தானே சொல்லிக் குடுப்பாங்க."

பெண்ணைப் பார்க்காமலே மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கிற கதை. நான் பார்த்தவரை முதல் தவறு இதுதான். மற்றவை பலவும் இதன் வாலைப் பிடித்துக்கொண்டு வருகின்றன. சம்பளம் பார்த்தாயிற்று, கோர்ஸ் பார்த்தாயிற்று, அந்த வேலையை மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

அந்த வேலை எப்படி இருக்கும் என்பதற்கு என் கதையையே சொல்கிறேன். எட்டு வருஷம் கணபதிப் பக்கம் உலோகத்தை உருக்கி அச்சில் வார்க்கும் ஒரு ஃபவுண்ட்ரியில் குவாலிட்டியில் இருந்தேன். ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் எத்தனை காஸ்டிங் ஊற்றினோம், ப்ளோ ஹோல் என்கிற காற்றுத் துளை விழுந்து எத்தனை ரிஜெக்ட் ஆனது என்று எக்ஸெல்லில் ஏற்றுவோம். 2024 ஜனவரியில், முந்தைய வருஷத்துக் கணக்கை மாதவாரியாகக் கூட்ட பைத்தான் என்ற கணினி மொழியில் சின்னதாக ஒரு நிரல் எழுதினேன். ஓடியது. எர்ரர் எதுவும் வரவில்லை. நாள்வாரியாக இறக்கிப் பார்த்தால், 2023 நவம்பர் 12 அன்று 400 காஸ்டிங் சொச்சம் ஊற்றியதாகக் காட்டுகிறது. அந்த வருஷம் நவம்பர் 12 தீபாவளி. அன்றைக்கு வாட்ச்மேனைத் தவிர உள்ளே ஆளே கிடையாது.

இரண்டு சாயங்காலம் போனது. நாங்கள் 11-12-2023 என்று எழுதினால் டிசம்பர் 11. என் நிரல் அமெரிக்கக்காரர்கள் வழக்கப்படி மாதத்தை முன்னால் வைத்து, அதை நவம்பர் 12 என்று படித்திருக்கிறது. எல்லாத் தேதியும் இப்படிப் புரண்டிருந்தால் உடனே தெரிந்திருக்கும். ஆனால் 13ஆம் மாதம் என்று ஒன்று கிடையாதே. அதனால் 13 முதல் 31 வரையுள்ள தேதிகளை மட்டும் நம் முறைப்படி ஒழுங்காக எடுத்துக்கொண்டது. ஆக ஒவ்வொரு மாதத்திலும் முதல் 12 நாள் வெவ்வேறு மாதங்களுக்குச் சிதறிப் போக, மிச்சமெல்லாம் சரியாக இருந்தது. பாதி சரியாக இருப்பதைப் போல ஆளைக் கவிழ்ப்பது வேறெதுவும் இல்லை.

இரவு பதினொன்றரைக்குக் கண்டுபிடித்தேன். சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் ஞாபகம் வந்தது.

கோடிங் வேலையில் பெரும்பங்கு இதுதான். எழுதுகிற நேரம் கொஞ்சம். ஏன் தப்பாக வருகிறது என்று திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரம் அதிகம். அந்த இரண்டு சாயங்காலம் உங்களுக்கு எப்படிப் போகும் என்று தெரியாமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள். உங்கள் வேலையில் உங்களைத் தினமும் எரிச்சலூட்டும் ஒரு சின்னக் கணக்கை எடுத்து, இருக்கிற வேலையை விடாமல், மூன்று மாதம் ராத்திரிகளில் முட்டிப் பாருங்கள்.

இதற்கு அறுபதாயிரம் தேவையில்லை. என்.பி.டி.இ.எல். தளத்தில் ஐ.ஐ.டி.கள் தரும் பாடங்களைப் பார்க்கக் காசு கிடையாது. தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கினால்தான் கட்டணம். பைத்தானுக்கு அங்கே சென்னை கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் நடத்திய பாடம் இருக்கிறது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் கணினி அறிமுகப் பாடமான சி.எஸ்.50 இலவசம். ஆங்கிலம் தடுமாறினால் ஐ.ஐ.டி. பாம்பேயின் ஸ்போக்கன் டுடோரியலில் பல பாடங்கள் தமிழ் ஒலியோடு கிடைக்கின்றன. பயிற்சி மையமே கூடாது என்று சொல்லவில்லை. கூட உட்கார்ந்து திருத்த ஆள் இருந்தால் சிலருக்கு நல்லதுதான். ஆனால் அடிப்படையை வீட்டிலேயே முடித்துவிட்டுப் போகிறவருக்குத்தான் அங்கே சொல்லிக்கொடுப்பவர் நல்லவரா இல்லையா என்றே தெரியும். போர்டில் '100 சதவீத பிளேஸ்மென்ட்' என்று எழுதியிருந்தால், போன பேட்ச்சில் வேலை கிடைத்த மூன்று பேரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். என்ன பதில் வருகிறதோ, அதை வைத்துக்கொண்டு முடிவு செய்யலாம்.

சம்பளக் கணக்குக்கு வருகிறேன். பங்காளி வீட்டுப் பையன் பெங்களூரில் இருபது லட்சம் வாங்குகிறான் என்பதுதான் பாதிப் பேருக்குத் தூண்டுதல். அவன் பத்து வருஷமாக அங்கே இருக்கிறான் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. பெரிய சர்வீஸ் கம்பெனிகள் புதிதாகச் சேருபவருக்குக் கொடுப்பது பல வருஷமாக ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டியே நிற்கிறது. பி.எஃப். பிடித்தம் எல்லாம் போக, கையில் வருவது மாதம் 25,000க்கு முன்னே பின்னே. ஐந்து வருஷ அனுபவத்தோடு இப்போது 38,000 வாங்குகிறவர் அங்கே முதல் படியில் நிற்கப் போகிறார். வீட்டு லோன், குழந்தை ஃபீஸ் எல்லாவற்றையும் அந்த 25,000க்குள் வைத்து இரண்டு வருஷம் ஓட்ட முடியுமா என்று வீட்டம்மாவோடு உட்கார்ந்து பேசுங்கள். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு மூன்று நாள் ஓடியது. சீட்டுப் பணம் எடுத்து வைத்த பிறகுதான் ஃபவுண்ட்ரியில் பேப்பர் போட்டேன்.

இந்த வேலை நிரந்தரம் என்று யாராவது சொன்னால் நம்பவும் வேண்டாம். 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரை அனுப்பியது, 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரை. நம் டி.சி.எஸ்.ஸே 2025 ஜூலையில் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. ஃபர்னஸ் பக்கம் சூடு தெரிந்தே நிற்போம், இங்கே ஏ.சி.யில் தெரியாது.

இனிச் சொல்லப்போவது வாழ்க்கையையே கெடுக்கும் தவறு. கோர்ஸ் முடித்து நாலு மாதம் வேலை கிடைக்காமல் சுற்றும்போது ஒரு போன் வரும். "மூணு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத் தர்றோம். ஆஃபர் லெட்டர், பே ஸ்லிப், ரிலீவிங் லெட்டர் எல்லாம் ரெடி. பேக்ரவுண்ட் செக்குக்குப் போன் வந்தாலும் நாங்களே பேசிக்கிறோம்." தொகை ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ. இன்டர்வியூவைத் தாண்டியும் விடுகிறார்கள் சிலர். மாட்டுவது யு.ஏ.என். என்கிற பி.எஃப். எண்ணில். உங்கள் பி.எஃப். கணக்குக்கு ஒரே எண்தான். எந்த மாதம் எந்த கம்பெனி உங்களுக்காகப் பணம் கட்டியது என்ற வரலாறு முழுவதும் அதில் கிடக்கிறது. சர்ட்டிஃபிகேட்டில் 2021 முதல் 2024 வரை ஏதோ ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி என்று இருக்கும். பாஸ்புக்கில் அதே மாதங்களுக்கு பம்ப் கம்பெனி பணம் கட்டியிருக்கும். வேலையில் சேர்ந்து இரண்டு மாதம் கழித்துக்கூட இது வெளியே வரலாம், அன்றைக்கே லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு இப்படி ஆனது. பழைய ஐந்து வருஷ உண்மையான அனுபவத்தையும் சேர்த்தே இழந்தார், ஏனென்றால் அதை அவரே ரெஸ்யூமேவிலிருந்து அழித்திருந்தார்.

அழிப்பதில் இன்னொரு வகையும் உண்டு. பொய் சொல்லாமலே, பழைய வேலையை வெட்கத்தோடு ரெஸ்யூமேயின் கடைசி வரிக்குத் தள்ளிவிடுவார்கள். அங்கேதான் உங்கள் பலமே இருக்கிறது. காலேஜிலிருந்து நேராக வருகிற பையன் உங்களைவிட வேகமாக நிரல் எழுதுவான். ஆனால் தீபாவளியன்று 400 காஸ்டிங் வராது என்று அவனுக்கு யார் சொல்வது? எனக்கு முதல் வேலை கொடுத்தது, தொழிற்சாலைகளுக்கு சாஃப்ட்வேர் செய்யும் ஒரு சின்ன கம்பெனி. இன்டர்வியூவில் ஒரு மணி நேரத்தில் நாற்பது நிமிஷம் ரிஜெக்‌ஷன் ரிப்போர்ட்டைப் பற்றியே பேசினார்கள். பேங்கில் லோன் பார்த்தவர், ஆஸ்பத்திரியில் பில்லிங் பார்த்தவர், ஜி.எஸ்.டி. ஃபைல் செய்தவர், எல்லோருக்கும் இப்படி ஒரு வாசல் இருக்கிறது. டெவலப்பர் என்ற பட்டம்தான் வேண்டும் என்று அடம் பிடிக்காமல் டெஸ்டிங், சப்போர்ட், இ.ஆர்.பி. (கம்பெனியின் கணக்கு, ஸ்டாக், உற்பத்தி எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் சாஃப்ட்வேர்) இம்ப்ளிமென்டேஷன் என்று நுழைந்தால் அந்த வாசல் இன்னும் அகலம்.

பைத்தானா ஜாவாவா என்று ஆறு மாதம் விசாரித்துக்கொண்டே இருப்பவர்களும் உண்டு. ஏதாவது ஒன்றை எடுங்கள். ஒன்று கைக்கு வந்தால் இரண்டாவது பாதி நேரத்தில் வரும்.

ஏ.ஐ. விஷயத்தில் இரண்டு பக்கமும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வந்ததிலிருந்து "இனிமேல் கோடிங்கே வேண்டாம்" என்று ஒரு கூட்டம், "அதுவே எழுதிக் கொடுத்துவிடும், நான் கற்க வேண்டியதில்லை" என்று இன்னொரு கூட்டம். ஒரு நாள் வேடிக்கைக்காக அந்தப் பழைய எக்ஸெல் ஃபைலை ஒரு ஏ.ஐ. கருவியிடம் கொடுத்தேன். பத்து வினாடியில் என்னுடையதைவிட அழகாக எழுதித் தந்தது. ஓட்டினேன். மறுபடியும் தீபாவளியன்று காஸ்டிங்! முதல் நாளிலிருந்தே அதன் மேல் சாய்ந்து கற்பவருக்கு இந்தத் தப்பு கண்ணில் படாது. அதே சமயம், புதியவர்களிடம் முன்பு கொடுத்துவந்த சில்லறை வேலைகளை இப்போது எங்கள் ஆபீசில் அந்தக் கருவிதான் பார்க்கிறது. முதல் வேலை கிடைப்பது நான் வந்த காலத்தைவிடக் கடினம், இதை மறைத்து உற்சாகப்படுத்த எனக்கு மனசில்லை.

எதிர்ப்பக்கத் தவறையும் சொல்லிவிட வேண்டும்: முயலாமலே ஒதுங்குவது. "கணக்கு வராதுங்க", "தமிழ் மீடியம்ங்க", "முப்பத்திரண்டு வயசாயிருச்சுங்க." நான் செய்யும் வேலைக்குக் கூட்டல் கழித்தல் சதவீதத்துக்கு மேல் கணக்கு தேவைப்பட்டது அபூர்வம். ஆங்கிலம் பேச வராவிட்டாலும் தொடக்கத்தில் சமாளிக்கலாம், ஆனால் எர்ரர் மெசேஜைப் பொறுமையாகப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு வேண்டும். அது படிக்கப் படிக்க வந்துவிடும். வயது மட்டும் கொஞ்சம் உறுத்தும். இருபத்திரண்டு வயது டீம் லீடர் நம் வேலையைத் திருத்தும்போது முகம் சுருங்கக் கூடாது. எனக்கு ஆறு மாதம் சுருங்கியது.

அந்த அரசூர்த் தம்பியிடம், அவர் கம்பெனியின் பம்ப் டெஸ்ட் ரீடிங் ஷீட் ஒன்றை எடுத்து, அதில் எந்த மாடல் அதிகம் ஃபெயில் ஆகிறது என்று பைத்தானில் எண்ணச் சொல்லி அனுப்பினேன். ஐந்து வாரம் கழித்து வந்தார். லேப்டாப் இல்லை.

"எண்ணிட்டேனுங்ணா. விடை வந்துருச்சு. ஆனா உக்காந்த பதினஞ்சாவது நிமிஷமே கடிகாரத்தைப் பாக்கறேன், ஒவ்வொரு நாளும். அந்த ஃபெயில் ஆகுற மாடல் இருக்குதுங்களே, அதோட இம்பெல்லர் டிசைன்லயே கோளாறுங்ணா. அதைப் பத்தி யோசிச்சுட்டு ராத்திரி தூக்கமே வரல."

இப்போது அதே கம்பெனியில் டிசைன் டிபார்ட்மென்ட்டில் இருக்கிறார். கோர்ஸுக்கு எடுத்து வைத்திருந்த அறுபதாயிரத்தில் பழைய பல்சரைக் கொடுத்துவிட்டு வேறு வண்டி எடுத்துவிட்டார்.