மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை: எதைப் பார்த்து, எத்தனை மணிக்குள் முடிவெடுப்பது

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர். ஆனால் மாவட்டம் முழுவதும் ஒரே மாதிரி மழை பெய்வதில்லை. செங்கல்பட்டு மாவட்டத்தில் தாம்பரம் தெருக்களில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் காலையில், செய்யூரில் தூறலோடு நின்றிருக்கும். அதனால்தான் நீலகிரியில் கூடலூர், பந்தலூர் வட்டங்களுக்கு மட்டும் விடுமுறை விடுவதும், சில நாட்களில் உள்ளூர் நிலவரத்தைப் பார்த்துத் தலைமை ஆசிரியர்களே முடிவு செய்துகொள்ளலாம் என்று விட்டுவிடுவதும் வழக்கமாகியிருக்கிறது. அவ்வாறு முடிவு தம் கைக்கு வந்து சேரும் தலைமை ஆசிரியர்களுக்கும் தனியார் பள்ளி நிர்வாகிகளுக்குமாக, சென்னைப் புறநகர்ப் பள்ளி ஒன்றில் பல மழைக்காலங்களைக் கடந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதலில், வானிலை எச்சரிக்கையைச் சரியாகப் படிக்க வேண்டும். வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை பெய்தால் கனமழை, 204.4 மி.மீ. வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்னும் நிறங்களைப் பார்க்கும் பலர் கவனிக்காமல் விடுவது இந்த 24 மணி நேரம் எப்போது தொடங்குகிறது என்பதைத்தான். அது காலை 8.30 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30 மணிக்கு முடிகிறது. ஆகவே செவ்வாய்க்கிழமைக்கான ஆரஞ்சு எச்சரிக்கையில் புதன்கிழமை விடியற்காலை மழையும் அடங்கும். கடலோர மாவட்டங்களில் இந்தப் பருவத்து மழை பெரும்பாலும் பின்னிரவிலும் அதிகாலையிலும்தான் வலுக்கிறது என்பதால், செவ்வாய்க்கிழமை விடுமுறை விட்டு வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, புதன்கிழமை பள்ளியைத் திறந்து திண்டாடுவது எளிதில் நேரக்கூடிய பிழை.

எவ்வளவு மழை என்பது தெரிந்த பிறகு, அந்த மழை நம் பிள்ளைகள் வரும் வழியில் என்ன செய்யும் என்பதைக் கேட்க வேண்டும். இதற்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். பிள்ளைகள் வரும் ஒவ்வொரு தடத்திலும் உள்ள ரயில்வே சுரங்கப்பாதை, தரைப்பாலம், மூடியில்லாத வடிகால், ஏரியின் கலங்கலை (உபரிநீர் வழியும் இடத்தை) ஒட்டிய சாலை ஆகியவற்றை அதில் எழுதி, எத்தனை செ.மீ. மழைக்கு எந்த இடம் மூழ்கியது என்று ஒவ்வொரு மழைக்குப் பின்னும் தேதியோடு குறித்துவர வேண்டும். எங்கள் பள்ளி வேன் ஓட்டுநர் ஒருவர் சுரங்கப்பாதையின் பக்கச் சுவரில் சைலன்சர் உயரத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். விடியற்காலை ஐந்து மணிக்கு அவர் அங்கே நின்று, "கோடு தெரியல சார்" என்று சொன்னால், அந்தத் தடத்துக்கு வேறெந்த ஆராய்ச்சியும் தேவைப்படாது.

முடிவின் தரத்தைவிட அது சென்றுசேரும் நேரம் முக்கியம் என்றே சொல்வேன். புயல் நெருங்கும் நாட்களில் காற்று எப்போது வலுக்கும் என்பது முன்கூட்டியே ஓரளவு தெரிந்துவிடும் என்பதால் முந்தின நாள் மாலை ஆறு மணிக்குள் அறிவித்துவிட வேண்டும். வெறும் மழை என்றால் இரவு ஒன்பது மணிக்கு ஒரு முறையும், அதிகாலை ஐந்து மணிக்கு ரேடார் படத்தையும் அடுத்த 3 மணி நேரத்துக்கான எச்சரிக்கையையும் பார்த்து மறுமுறையும் முடிவெடுக்கலாம். ஐந்தரைக்கு மேல் தள்ளிப்போட்டால், காலை உணவுத் திட்டச் சமையலர் அடுப்பைப் பற்றவைத்திருப்பார். முதல் வேன் புறப்படத் தயாராகியிருக்கும். வேலைக்குப் போகும் தாய் மாற்று ஏற்பாடு செய்ய வழியில்லாமல் நிற்பார். ஏழே முக்காலுக்கு விடுமுறை அறிவிப்பு வந்தால், சீருடையோடு வாசலுக்கு வந்துவிட்ட பிள்ளையைத் திருப்பி அனுப்பாமல், பெற்றோர் வரும்வரை ஓர் ஆசிரியர் உடனிருக்கும்படி ஓர் அறையைத் திறந்துவைப்பதே சரி.

நண்பகலில் மழை வலுத்தால் பள்ளியை உடனே விட்டுவிட வேண்டும் என்ற பதற்றம் எழும். நானும் ஒரு முறை அப்படி விட்டுவிட்டேன். பன்னிரண்டு மணிக்குப் புறப்பட்ட வேன் பாதித் தொலைவில் நின்றுபோய், ஆயா ஒவ்வொரு குழந்தையாக இடுப்பில் தூக்கி எதிர்ப்புறக் கடைத் திண்ணையில் சேர்த்தார். கடைசிக் குழந்தை வீடு சேர்ந்தபோது மணி நான்கரை. அன்று மூன்று மணிக்கே மழை நின்றுவிட்டது. கட்டடம் உறுதியாகவும் தரைத்தளம் வறண்டும் இருக்குமானால், மழை உச்சத்தில் இருக்கும்போது பிள்ளைகளை உள்ளேயே வைத்திருப்பதே பாதுகாப்பு.

மழை நின்றுவிட்டது என்பதாலேயே மறுநாள் பள்ளி உண்டு என்றாகிவிடாது. செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரமான 24 அடியை நீர்மட்டம் நெருங்கும்போது உபரிநீர் திறக்கப்படுவதால், வானம் வெளுத்த பிறகும் குன்றத்தூர், அனகாபுத்தூர் பக்கம் அடையாற்றில் தண்ணீர் ஏறும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கடந்த பின்னும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் நாட்கணக்கில் வெள்ளம் வடியவில்லை. அரையாண்டுத் தேர்வே தள்ளிப்போனது.

விடுமுறை விட்ட அன்று வெயில் அடிப்பதும் அதைக் கேலி செய்வதும் நம் ஊரில் பழகிப்போனவை. 2024 அக்டோபர் 16 அன்று சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை இருந்தது. காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் நகருக்கு வடக்கே விலகிச் சென்றதால் எதிர்பார்த்த மழை பெய்யவில்லை. முந்தின நாள் மாலை கையில் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் அன்று விடுமுறை விட்டது சரியே. அதற்காகத் தூறலுக்கெல்லாம் விடுவதும் முறையாகாது. கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்க வகுப்புகளுக்கு 200 நாட்களும், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 220 நாட்களும் பள்ளி நடந்தாக வேண்டும். விட்ட நாளைச் சனிக்கிழமையில் ஈடுகட்டலாம், ஆனால் சத்துணவை நம்பி வரும் பிள்ளை அன்று இழந்த வேளை உணவை ஈடுகட்ட முடியாது.

அறிவிப்பில் தேதி, கிழமை, எந்த வகுப்புகளுக்கு, ஆசிரியர்கள் வர வேண்டுமா, தேர்வு என்னாகிறது ஆகிய அனைத்தும் ஒரே செய்தியில் இருக்க வேண்டும். தேதி இல்லாத செய்தி அடுத்த ஆண்டு மழையில் வாட்ஸ்அப்பில் மறுபடியும் சுற்றத் தொடங்கும்.

மீண்டும் திறப்பதற்கு முந்தின நாள் நண்பகலுக்குள் ஒருவர் பள்ளியைச் சுற்றிவர வேண்டும். ஊறிப்போன சுற்றுச்சுவர் அருகே கயிறு கட்டி, மின்பணியாளரைக் கொண்டு சுவிட்ச்போர்டுகளைச் சோதித்து, தண்ணீர்த் தொட்டியைக் கழுவி, பெஞ்சுகளுக்கு அடியில் ஏதாவது ஊர்ந்து கிடக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகே, "நாளை பள்ளி உண்டு" என்ற செய்தியை அனுப்பலாம்.