பிரிட்டன், யூகே, அயர்லாந்து: பெயர்க் குழப்பத்தை ஒரே படத்தில் வரைவது எப்படி?

எடின்பரோவில் படிக்கும் பையனைப் பற்றி "இங்கிலாந்தில் படிக்கிறான்" என்று சொல்வது நம் வீடுகளில் சகஜம். டப்ளினில் வேலை பார்ப்பவரை "யூகேவில் இருக்கிறார்" என்று சொல்வதும் அப்படித்தான். முதலாவதைக் கேட்டால் ஸ்காட்லாந்துக்காரர் முகம் சுளிப்பார். இரண்டாவது அதைவிட மோசம், ஏனென்றால் அயர்லாந்து அந்த அரசிலிருந்து விலகுவதற்காக ரத்தம் சிந்திய நாடு, நாம் ஒரே வார்த்தையில் அதைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்துவிடுகிறோம்.

இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்து பயனில்லை, இரண்டு மாதத்தில் மறந்துவிடும். ஒருமுறை கையால் படம் வரைந்து பார்த்தால் மறக்காது. பென்சில், தாள், ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் படித்த கணங்கள் கொஞ்சம் ஞாபகம் இருந்தால் போதும்.

வரையப்போவது ஆய்லர் படம். பள்ளியில் பார்த்த வென்படத்துக்கு அண்ணன் முறை, ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. வென்படத்தில் எல்லா வட்டங்களும் ஒன்றையொன்று வெட்டியே ஆக வேண்டும், உண்மையில் அங்கே ஒன்றுமே இல்லாவிட்டாலும் அந்தக் கட்டம் இருக்கும். ஆய்லர் படத்தில் உண்மையில் இருக்கிற பகுதிகளை மட்டும் வரைகிறோம். நாம் எடுக்கப்போவது ஏழு பெயர்கள், அதற்கு வென்படம் போட்டால் 128 பகுதிகள் வரும். ஆய்லர் படத்தில் எத்தனை வருகிறது என்று கொஞ்ச நேரத்தில் பார்ப்பீர்கள்.

முதல் படி: வட்டத்தைத் தொடாதீர்கள்

புதிதாக வரைபவர்கள் எல்லோரும் பெரிய வட்டம் ஒன்றைப் போட்டுவிட்டு உள்ளே என்ன எழுதலாம் என்று யோசிக்கிறார்கள். அப்படித் தொடங்கினால் பாதியில் சிக்கிக்கொள்ளும். முதலில், இதற்கு மேல் பிரிக்கத் தேவையில்லாத சின்னத் துண்டுகளைப் பட்டியலிடுங்கள். நம் விஷயத்தில் எட்டு: இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து, அயர்லாந்துக் குடியரசு, மேன் தீவு, ஜெர்சி, கெர்ன்சி.

ஒவ்வொரு துண்டும் தன்னைச் சேர்ந்த குட்டித் தீவுகளோடு சேர்த்துத்தான். ஷெட்லாந்தும் ஓர்க்னியும் ஸ்காட்லாந்துக்குள், ஆங்கிள்சி வேல்ஸுக்குள், சார்க்கும் ஆல்டெர்னியும் கெர்ன்சிக்குள். இதை இப்போதே முடிவு செய்யாவிட்டால் பின்னால் தலைவலி.

அயர்லாந்துக் குடியரசு என்று நான் எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. 1937 அரசியலமைப்பின்படி அந்த நாட்டின் பெயர் வெறும் அயர்லாந்துதான், ஐரிஷ் மொழியில் ஏரே. குடியரசு என்பது 1949இல் நடைமுறைக்கு வந்த சட்டம் தந்த விவரிப்பு. ஆனால் தீவுக்கும் அரசுக்கும் ஒரே பெயர் இருந்தால் படம் படிக்க முடியாது, அதனால் படத்தில் "குடியரசு" என்று சேர்த்துக்கொள்கிறோம்.

இரண்டாம் படி: அட்டவணை

உண்மையான வேலை இதுதான், நிதானமாகச் செய்யுங்கள். இடப்பக்கம் எட்டுத் துண்டுகளை எழுதி, எந்தெந்தப் பெயருக்குள் வருகிறது என்று எதிரே குறியுங்கள்.

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ்: கிரேட் பிரிட்டன், ஐக்கிய இராச்சியம் (அதாவது யூகே), பிரிட்டிஷ் ஐலண்ட்ஸ், பிரிட்டிஷ் ஐல்ஸ்.
வட அயர்லாந்து: அயர்லாந்துத் தீவு, ஐக்கிய இராச்சியம், பிரிட்டிஷ் ஐலண்ட்ஸ், பிரிட்டிஷ் ஐல்ஸ்.
அயர்லாந்துக் குடியரசு: அயர்லாந்துத் தீவு, பிரிட்டிஷ் ஐல்ஸ்.
மேன் தீவு: முடியாட்சிச் சார்புப் பகுதிகள், பிரிட்டிஷ் ஐலண்ட்ஸ், பிரிட்டிஷ் ஐல்ஸ்.
ஜெர்சி, கெர்ன்சி: சேனல் தீவுகள், முடியாட்சிச் சார்புப் பகுதிகள், பிரிட்டிஷ் ஐலண்ட்ஸ், பிரிட்டிஷ் ஐல்ஸ்.

ஐல்ஸ், ஐலண்ட்ஸ் இரண்டையும் தமிழில் "பிரித்தானியத் தீவுகள்" என்று எழுதினால் கதை முடிந்தது, அதனால்தான் ஒலிபெயர்ப்பிலேயே விட்டிருக்கிறேன். ஐல்ஸ் என்பது புவியியல் பெயர், மொத்தத் தீவுக்கூட்டமும் அதில் அடக்கம். ஐலண்ட்ஸ் என்பது சட்டப் பெயர், 1978ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டம் ஒன்று அதை ஐக்கிய இராச்சியம், சேனல் தீவுகள், மேன் தீவு என்று வரையறுக்கிறது. அயர்லாந்துக் குடியரசு அதில் கிடையாது.

முடியாட்சிச் சார்புப் பகுதிகள் என்பவை மன்னருக்குக் கட்டுப்பட்டவை, ஆனால் ஐக்கிய இராச்சியத்தின் பகுதி அல்ல. மேன் தீவுக்கு டின்வால்ட் என்ற சொந்த நாடாளுமன்றம் இருக்கிறது. ஜெர்சிக்கும் கெர்ன்சிக்கும் சொந்தச் சட்டம், சொந்த வரி. பாதுகாப்பும் வெளியுறவும் மட்டும் லண்டன் பொறுப்பு. இணையத்தில் கிடைக்கும் படங்களில் பாதி இவற்றை யூகே வட்டத்துக்குள் தள்ளிவிட்டிருக்கும், அவற்றைப் பார்த்து வரையாதீர்கள்.

மூன்றாம் படி: அட்டவணையைப் படித்தல்

இப்போது வரிசைகளை ஒப்பிடுங்கள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் ஒரே குறிகள்தான், ஜெர்சிக்கும் கெர்ன்சிக்கும் அப்படியே. ஒரே மாதிரிக் குறிகள் உள்ள துண்டுகள் படத்தில் ஒரே பகுதிக்குள் உட்காரும். ஆக மொத்தம் ஐந்து பகுதிகள், வெளியையும் சேர்த்தால் ஆறு. 128 எங்கே, ஆறு எங்கே!

அடுத்து, பெயர்களை இரண்டிரண்டாக எடுத்துப் பாருங்கள். ஒரு பெயரின் எல்லாத் துண்டுகளும் இன்னொன்றுக்குள் இருந்தால் அது உட்கணம், உள்ளே வரையலாம். கிரேட் பிரிட்டன் ஐக்கிய இராச்சியத்துக்குள், அது ஐலண்ட்ஸுக்குள், அது ஐல்ஸுக்குள் என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் போகிறது. பொதுத் துண்டே இல்லையென்றால் தனித்தனியாக வரைய வேண்டும், ஐக்கிய இராச்சியமும் முடியாட்சிச் சார்புப் பகுதிகளும் அப்படித்தான். இந்த இரண்டிலும் சேராதவை மட்டும்தான் ஒன்றையொன்று வெட்டும்.

அப்படி வெட்டுவது இரண்டே இடத்தில்: அயர்லாந்துத் தீவு ஐக்கிய இராச்சியத்தை வெட்டுகிறது, ஐலண்ட்ஸையும் வெட்டுகிறது. இரண்டு வெட்டிலும் மாட்டிக்கொண்டிருக்கும் துண்டு ஒன்றுதான், வட அயர்லாந்து. இந்தப் படத்தின் மொத்தச் சிக்கலும் வட அயர்லாந்தின் அந்த ஆறு மாவட்டங்களில் இருக்கிறது, அந்த மண்ணின் வரலாறும் அப்படியே. 1801 முதல் 1922 வரைக்குமான படத்தை வரைந்தால் வெட்டே இருக்காது, அயர்லாந்துத் தீவு முழுசாக ஐக்கிய இராச்சியத்துக்குள் போய்விடும். 1921இல் தீவைப் பிரித்து, 1922இல் தெற்கு தனி அரசாக விலகியபோதுதான் கோடு தீவின் குறுக்கே வந்தது. அதனால் படத்தின் மூலையில் ஆண்டு போடுங்கள். ஆண்டு இல்லாத அரசியல் படத்தை நம்பாதீர்கள்.

நான்காம் படி: வரைதல்

வெளியிலிருந்து உள்ளே வரையாதீர்கள், வெட்டும் இடத்திலிருந்து தொடங்குங்கள். தாளின் இடப்பக்கம் அயர்லாந்துத் தீவுக்கு ஒரு நீள்வட்டம், வலப்பக்கம் கிரேட் பிரிட்டனுக்கு இன்னொன்று, அதைவிடக் கொஞ்சம் பெரிதாக. நடுவில் நல்ல இடைவெளி விடுங்கள்.

இப்போது ஐக்கிய இராச்சியத்தின் கோடு. கிரேட் பிரிட்டனை முழுசாகச் சுற்றிவிட்டு, மேற்பகுதியில் மட்டும் ஒரு கழுத்துபோல் இடப்பக்கம் நீண்டு, அயர்லாந்து நீள்வட்டத்தின் மேல் வலது மூலையைக் கவ்வ வேண்டும். அந்த மூலையில் வட அயர்லாந்து. கழுத்தை ஏன் மேலே வைக்கச் சொல்கிறேன் என்றால், அதற்குக் கீழே கிடைக்கும் காலியிடத்தில்தான் மேன் தீவு வரும், வரைபடத்திலும் அது இரண்டு பெரிய தீவுகளுக்கும் நடுக் கடலில்தானே இருக்கிறது. நடுவில் கழுத்தைப் போட்டுவிட்டால் மேன் தீவு யூகேவுக்குள் விழுந்துவிடும்.

மேன் தீவிலிருந்து நேர் கீழே இறங்கி, தாளின் அடியில் ஜெர்சி, கெர்ன்சியை எழுதி, இரண்டையும் சுற்றிச் சின்ன வட்டம் போடுங்கள், அது சேனல் தீவுகள். மூன்றையும் சேர்த்து ஒரு நெடிய நீள்வட்டம், அது முடியாட்சிச் சார்புப் பகுதிகள். இதையும் ஐக்கிய இராச்சியத்தையும் சேர்த்துச் சுற்றினால் ஐலண்ட்ஸ், குடியரசு மட்டும் அதற்கு வெளியே நிற்க வேண்டும். கடைசியாக எல்லாவற்றையும் சுற்றி ஐல்ஸ்.

இங்கே ஒரு தகராறு உண்டு. சேனல் தீவுகள் உண்மையில் பிரான்சின் நார்மண்டிக் கரையோரம் இருப்பவை, புவியியல்படி அவை இந்தத் தீவுக்கூட்டத்தில் சேராது என்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் அந்த இடத்தில் மட்டும் ஐல்ஸ் கோட்டைப் புள்ளிக்கோடாக விடுவது நேர்மை.

இன்னொரு தகராறு இதைவிடப் பெரியது. "பிரிட்டிஷ் ஐல்ஸ்" என்ற பெயரையே அயர்லாந்து அரசு பயன்படுத்துவதில்லை. புவியியல் பெயர்தானே என்று நமக்குத் தோன்றலாம், ஆனால் அந்தத் தலைப்பின் கீழ் தங்கள் நாட்டை வைப்பதை அங்கே பலர் ஏற்பதில்லை. அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். என் படங்களில் வெளிக்கோட்டில் "பிரிட்டனும் அயர்லாந்தும்" என்று பெரிதாகவும், ஐல்ஸ் என்ற பெயரைக் கீழே சின்ன எழுத்திலும் போடுவேன்.

ஐந்தாம் படி: நிறமும் எழுத்தும்

நிலப் பெயர்களுக்கு ஒரு நிறம், அரசியல் பெயர்களுக்கு ஒரு நிறம், அதற்கு மேல் வேண்டாம். நீலமும் பழுப்பும் நன்றாக இருக்கும். பச்சையும் ஆரஞ்சும் மட்டும் கூடாது. அயர்லாந்தில் பச்சை தேசியவாதிகளின் நிறம், ஆரஞ்சு பிரிட்டனோடு இருக்க விரும்புகிறவர்களின் நிறம். தெரியாமல் பூசினாலும் கட்சி கட்டிய மாதிரி ஆகிவிடும். கிரேட் பிரிட்டன் கொஞ்சம் இரண்டும் கெட்டான். ஒரு தீவின் பெயராகவும் இருக்கிறது, மூன்று நாடுகளின் தொகுப்பாகவும் இருக்கிறது. நம் அட்டவணையில் ஷெட்லாந்தையும் உள்ளே சேர்த்துவிட்டோம், அதனால் அரசியல் நிறம்தான் சரி.

கணினியில் வரைய டிரா.ஐஓ போதும், இலவசம், உலாவியிலேயே ஓடும். அந்தக் கழுத்து வடிவம் மட்டும் அதில் கொஞ்சம் படுத்தும். இங்க்ஸ்கேப்பில் ஒரு பெரிய நீள்வட்டம், ஒரு செவ்வகம், ஒரு சின்ன நீள்வட்டம் மூன்றையும் தொடும்படி வைத்து யூனியன் கட்டளை கொடுத்தால் ஒரே வடிவமாகிவிடும். தமிழ் எழுத்துக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு எடுங்கள், சேமிக்கும் முன் எழுத்துகளைப் பாதைகளாக மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் படத்தின் அமைப்பே குலைந்துவிடலாம்.

ஆறாம் படி: சோதனை

சரி, வரைந்தாயிற்று. ஊர்ப் பெயர்களை வைத்துச் சோதியுங்கள். பெல்ஃபாஸ்ட்டில் விரலை வையுங்கள்: ஐக்கிய இராச்சியம் ஆம், அயர்லாந்துத் தீவு ஆம், கிரேட் பிரிட்டன் இல்லை. மேன் தீவின் தலைநகர் டக்ளஸ்: ஐக்கிய இராச்சியம் இல்லை, ஐலண்ட்ஸ் ஆம். ஜிப்ரால்டர் பிரிட்டனுடையதுதான், ஆனால் கடல்கடந்த ஆட்சிப்பகுதி, எல்லாக் கோட்டுக்கும் வெளியே விழ வேண்டும்.

மாலின் முனையையும் பாருங்கள். அயர்லாந்துத் தீவின் பெருநிலத்தில் வடகோடி அதுதான், ஆனால் அது இருப்பது வட அயர்லாந்தில் இல்லை, குடியரசின் டொனகால் மாவட்டத்தில். டொனகால் பழைய அல்ஸ்டர் மாகாணத்தைச் சேர்ந்தது. அல்ஸ்டரின் ஒன்பது மாவட்டங்களில் ஆறுதான் வட அயர்லாந்து, மீதி மூன்றும் குடியரசில். அல்ஸ்டரைப் படத்தில் சேர்க்க ஆசைப்பட்டால் குடியரசை இரண்டு துண்டாக்கிவிட்டு அட்டவணையிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும்.

பழகிய பிறகு விளையாட்டையும் சேர்த்துப் பாருங்கள், நமக்குக் கிரிக்கெட்டை விடச் சுவாரசியமான பயிற்சி கிடைக்காது. அயர்லாந்து அணி முழுத் தீவுக்குமானது, எனவே புதுக் கோடு வேண்டாம், இருக்கிற நீள்வட்டத்திலேயே எழுதிவிடலாம். இங்கிலாந்து அணியை நடத்துவதோ இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டுக்குமான வாரியம், ஸ்காட்லாந்துக்குத் தனி அணி. அந்தப் பெயரை அட்டவணையில் சேர்த்தவுடனே இதுவரை ஒன்றாக இருந்த மூன்று வரிசைகளில் ஸ்காட்லாந்து தனியாகப் பிரிந்துவிடும், கிரேட் பிரிட்டன் நீள்வட்டத்துக்குள் இங்கிலாந்தையும் வேல்ஸையும் மட்டும் சுற்றி ஒரு கோடு போட வேண்டிவரும். தனிநபர்களை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். டப்ளினில் பிறந்து, அயர்லாந்துக்கு ஆடி, பிறகு இங்கிலாந்துத் தலைவராக 2019 உலகக் கோப்பையை வென்ற இயான் மார்கனுக்கு இந்தப் படத்தில் எந்தக் கட்டமும் பொருந்தாது.