பழைய ஸ்பிரிங்ஃபீல்டு குழலுக்கு லைனர் போடக் கொடுப்பதற்கு முன்

அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால 1861 மாடல் ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கியின் குழல் 40 அங்குல நீளம், 0.58 காலிபர், அதாவது உள்விட்டம் 0.58 அங்குலம். உள்ளே குண்டைச் சுழலவைக்கும் மூன்று காடிகள்; இந்தச் சுருள் வெட்டைத்தான் புரி என்பது. 72 அங்குலத்துக்கு ஒரு சுற்று. இன்று கைக்கு வரும் பல குழல்களில் அந்தக் காடிகள் பாதிதான் மிஞ்சியிருக்கும். கரிமருந்தின் (பழைய கருப்பு வெடிமருந்து) கசடு ஈரத்தை இழுப்பதால் அடிப்பக்கத்து (மருந்து இருக்கும் பின்முனை) அங்குலங்கள் குழிகுழியாக அரித்திருக்கும். இரும்புக் கம்பியால் இடித்து இடித்து வாய்ப்பக்கம் தேய்ந்திருக்கும். இப்படிப்பட்ட குழலை அகலமாகக் குடைந்து, புரி வெட்டிய புது எஃகுக் குழாயை உள்ளே செருகி ஒட்டுவதைத்தான் லைனர் போடுவது என்கிறோம்.

குடைந்த இரும்பு திரும்பி வராது. புரி இன்னும் கூர்மையாக, குழி இல்லாமல் இருக்கும் அசல் குழலைக் குடையக் கொடுக்காதீர்கள். அதைத் துடைத்து எண்ணெய் பூசிப் பத்திரமாக வைத்துவிட்டு, சுடுவதற்கு அசலைப் போலவே புதிதாகச் செய்த குழல் ஒன்றை வாங்கி அதே மரக்கட்டையில் மாட்டுங்கள். லைனர் போடத் தகுந்தது ஏற்கெனவே கெட்டுப்போன புரியும், கெடாத வெளிச்சுவரும் உள்ள குழல் மட்டும்தான்.

வேறு எதையும் தொடுவதற்கு முன், குழலுக்குள் மருந்து இருக்கிறதா என்று பாருங்கள். நூறு வருடத்துக்கு மேல் சுவரில் தொங்கிய துப்பாக்கியிலும் மருந்து கெட்டித்தபடியே கிடப்பது உண்டு. கரிமருந்து காய்ந்தே இருந்தால் இன்றும் வெடிக்கும். மரக் கம்பி ஒன்றை முட்டும்வரை இறக்கி, வாய் மட்டத்தில் கோடு போட்டு எடுங்கள். அதே கம்பியைக் குழலின் வெளியே பக்கவாட்டில் பிடித்தால், நுனி நிப்பிள் (வெடிமூடியை மாட்டும் சிறு முனை) நிற்கும் புடைப்புக்கு நேரே வர வேண்டும். ஓர் அங்குலமோ இரண்டு அங்குலமோ முன்னாலேயே நின்றால் உள்ளே குண்டும் மருந்தும் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். சுட்டுப் பார்க்கலாம் என்று நினைக்க வேண்டாம், சூடு காட்டவும் வேண்டாம். "உள்ளே மருந்து இருக்கலாம்" என்று கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) முன்கூட்டியே சொல்லி, அவரையே எடுக்க விடுங்கள்.

அடுத்தது சுவர். லைனர் புரியைப் புதுப்பிக்கும். விரிசல் விட்ட அடிப்பக்கத்தை அது காப்பாற்றாது. வெடியின் அழுத்தம் பிரீச் பிளக்கின் (குழலின் பின்முனையை அடைக்கும் திருகு) மரையிலும் நிப்பிள் புடைப்பின் வேரிலும் பலமாக விழுகிறது, அவை இரண்டும் பழைய இரும்பாகவே இருக்கும். இரும்புத் தகட்டைச் சுருட்டிக் காய்ச்சி ஒட்டிய குழல் என்றால் நீளவாக்கில் ஒட்டுக்கோடு இருக்கும். பிளக்கைக் கழற்றியதும் மரையைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, சாயம் ஊற்றி விரிசல் பார்க்கச் சொல்லுங்கள். மரையில் பல் உதிர்ந்திருந்தால் வேலையை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

பிளக்கைக் கழற்றும் முன் குழலின் கீழ்ப்புறத்தில் பிளக்கையும் குழலையும் சேர்த்து உளியால் கீறிய மெல்லிய கோடு இருக்கிறதா பாருங்கள். திரும்ப முறுக்கும்போது அது நேருக்கு நேர் வர வேண்டும். கோடு தாண்டினால் பிளக்கின் வால் கட்டையில் உட்காராது; கோட்டுக்கு முன்பே நின்றால் பிளக் முகத்துக்கு முன்னால் இடைவெளி விழும். கசடும் ஈரமும் தங்க அந்த இடைவெளி போதும்.

இனி என்ன லைனர் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். மூன்று காடிக் குழலில் காடிக்கு எதிரே காடி வராது, காடிகளுக்கு நடுவே உள்ள மேடுதான் வரும். அதனால் காலிப்பர் என்ற அளவுகோலை வாயில் வைத்து எடுத்த காடி அளவு எதற்கும் உதவாது. மேட்டு அளவைப் பின் கேஜால் (துளையில் விட்டுப் பார்க்கும் அளவு ஊசி) எடுங்கள். மினி குண்டு (பின்பக்கம் குழிந்த, கூம்பு வடிவ ஈயக் குண்டு) அந்த மேட்டு அளவைவிட 0.001 முதல் 0.002 அங்குலம் சிறியதாக இருக்க வேண்டும், அப்போதுதான் கசடு படிந்த பிறகும் இறங்கும், சுடும்போது அதன் பாவாடை (குழிந்த பின்விளிம்பு) விரிந்து காடியைப் பிடிக்கும். உங்களிடம் நல்ல குண்டு அச்சு இருந்தால் அதில் விழும் குண்டை அளந்து, அதற்கேற்ற லைனரைக் கேளுங்கள். லைனரை வாங்கிவிட்டு அச்சைத் தேடுவது வீண் அலைச்சல்.

அசல் ஸ்பிரிங்ஃபீல்டில் காடி குழலின் அடிப்பக்கத்தில் 0.015 அங்குல ஆழத்தில் தொடங்கி வாயில் 0.005 ஆகக் குறையும். லைனர்கள் பொதுவாக முழு நீளமும் ஒரே ஆழம். மினி குண்டுக்கு ஆழம் குறைந்த காடியே நல்லது. ஆழமான காடியில் பாவாடை காடியின் அடிவரை விரியாமல் வாயு பக்கவாட்டில் பிய்த்துக்கொண்டு போகும். துணி சுற்றிய உருண்டைக் குண்டு என்றால் நேர்மாறு, ஆழம் வேண்டும். எதைச் சுடப்போகிறீர்கள் என்பதை எழுதிக் கொடுக்காமல் "0.58 லைனர் போடுங்கள்" என்று மட்டும் சொன்னால் கையிருப்பில் உள்ளதுதான் வந்து சேரும்.

ஒட்டும் முறையைக் கட்டாயம் கேளுங்கள். ஈயம் ஊற்றிப் பற்றவைத்தால் பிடிப்பு உறுதி, ஆனால் முழு நீளமும் சூடேற வேண்டும்; வெளி நிறம் மாறலாம். பசை போட்டால் நிறம் பிழைக்கும். ஆனால் கரிமருந்துக் குழலைக் கழுவுவது கொதிநீரில். சாதாரண எபாக்ஸி அந்தச் சூட்டுக்கு இளகிவிடும். எத்தனை டிகிரி தாங்கும் பசை என்று கேட்டு, அதைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

கெட்டுப்போகும் இடம் பெரும்பாலும் ஒன்றே: நிப்பிளிலிருந்து வரும் தீத்துளை. அது பழைய இரும்பைத் துளைத்து லைனரையும் துளைத்து உள்ளே போகிறது. அந்த இடத்தில் இரண்டுக்கும் நடுவே மயிரிழைச் சந்து இருந்தாலும் ஒவ்வொரு வேட்டுக்கும் கசடும், ஒவ்வொரு கழுவலுக்கும் தண்ணீரும் அதில் புகும். துரு உப்பும், லைனர் உள்நோக்கிப் பிதுங்கும். ஒருநாள் குண்டு அந்த இடத்தில் இறுகி நிற்கும். துளை போடுவதற்கு முன் அங்கே ஒட்டு முழுதாக நிரம்பியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிளக் முகமும் லைனரின் பின்முனையில் சுற்றிலும் படிய வேண்டும். விளக்குக் கரியை முகத்தில் தடவி முறுக்கிக் கழற்றினால் லைனர் முனையில் கரி முழு வளையமாக ஒட்டியிருக்க வேண்டும். பிறைபோல ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருந்தால் அது படியவில்லை.

குறிபார்க்கும் பின்பக்கக் குறிப்பானைப் பிடிக்கும் திருகையும் விட்டுவிடாதீர்கள். சுவர் மெலிந்த பிறகு பழைய நீளத் திருகு லைனரை அழுத்தும். நுனியை அரைமுறுக்கு அளவுக்கு ராவினால் சரியாகிவிடும்.

குழல் திரும்பி வந்ததும் கம்பிச் சோதனையை மறுபடி செய்து, புது ஆழத்தைக் கம்பியில் குறித்து வையுங்கள். பிறகு இறுக்கமான துணியை வாயிலிருந்து அடிவரை தள்ளுங்கள். ஓரிடத்தில் தளர்ந்து இன்னோரிடத்தில் பிடித்தால் லைனர் அங்கே நெளிந்திருக்கிறது. அடுத்து நிப்பிள் துளையை அடைத்து, உள்ளே மண்ணெண்ணெய் நிரப்பி, வெளியே உலரத் துடைத்து, பிளக் மூட்டிலும் புடைப்பைச் சுற்றியும் வாய் வளையத்திலும் சுண்ணக்கட்டிப் பொடியைப் பூசி இரவு முழுக்க நிமிர்த்தி வையுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தாலோ பொடியில் ஈரக்கறை தெரிந்தாலோ சுடாமல் திருப்பி அனுப்புங்கள்.

சுடுவதற்கு முன் அடியிலிருந்து 1, 2, 4 அங்குலத்தில் வெளி விட்டத்தை மைக்ரோமீட்டரால் அளந்து எழுதுங்கள். துப்பாக்கியைச் சட்டத்தில் கட்டி, விசையை நீளக் கயிற்றால், மறைவிலிருந்து இழுங்கள். 40 கிரெய்ன் (ஒரு கிரெய்ன் சுமார் 0.065 கிராம்) கரிமருந்து, அளவு பார்த்த மினி குண்டு, மூன்று வேட்டு. குண்டு மருந்தோடு முட்டி உட்கார்ந்ததா என்று ஒவ்வொரு முறையும் கம்பிக் குறியால் பாருங்கள். நடுவில் நின்ற குண்டு குழலை ஊதவைத்துவிடும். புகையில்லா மருந்தை எந்தக் காலத்திலும் போடக் கூடாது, லைனர் எவ்வளவு நல்ல எஃகானாலும். கழுவிய பின் அதே மூன்று இடங்களையும் மறுபடி அளவெடுங்கள். ஓரிடம் 0.001 அங்குலம் கூடியிருந்தால்கூட அந்தக் குழலை இனிச் சுட வேண்டாம். அளவு மாறாவிட்டால் தோளில் வைத்து 40 கிரெய்னிலேயே தொடங்கி, குறி எங்கே கூடுகிறது என்று பார்த்து 2 கிரெய்ன், 2 கிரெய்னாக ஏற்றலாம். போர்க்காலப் படையின் 60 கிரெய்ன்வரை போக வேண்டிய அவசியம் இலக்குச் சுடுதலில் வராது.