தொலைநோக்கிக் கண்ணாடியைச் சோதிக்க எந்த விளக்கு? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையால் தேய்த்து உருவாக்கிய குழிக்கண்ணாடியைப் பிளேடு முனையால் சோதிக்கும் முறையை 1858இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபூக்கோ விவரித்தார். வளைவு மையத்தில், அதாவது குவியத் தொலைவைப்போல் இரு மடங்கு தூரத்தில், ஒரு சிறு ஒளிமூலம், ஒளி திரும்பி வந்து குவியும் இடத்தில் ஒரு பிளேடு, அதற்குப் பின்னால் நம் கண். அவ்வளவுதான் கருவி. பிளேடு ஒளியை வெட்டும்போது கண்ணாடியின் மேடு பள்ளங்கள் நிழலாகத் தெரியும். ஒளியின் அலைநீளத்தில் சிறு பங்கே உள்ள பிழையைக்கூட இது காட்டிவிடும். ஆனால் விளக்கில் குறை இருந்தால் அதுவும் அதே நிழலில் கலந்துவிடும். அப்புறம் இல்லாத மேட்டைத் தேய்க்கப் போய் நல்ல கண்ணாடியைக் கெடுக்க நேரும்.

முதலில் லேசரை ஒதுக்குங்கள். சின்னதாக, பளிச்சென்று இருப்பதால் பலருக்கும் அதன்மேல்தான் கண் போகிறது. லேசரின் அலைகள் ஒன்றோடொன்று ஒத்து வருவதால், வழியில் உள்ள ஒவ்வொரு தூசியைச் சுற்றியும் வளையங்கள் தோன்றும். கண்ணாடி முகம் முழுக்கப் புள்ளி புள்ளியாக மினுங்கும். நிழலைப் படிக்கவே முடியாது. அதைவிட முக்கியம், குவிந்து வரும் ஒளியைக் கண்ணால் நேராகப் பார்க்கும் சோதனை இது. அந்த இடத்தில் லேசர் ஆபத்து.

பழைய இழை பல்பு கெடுதல் இல்லை, ஆனால் சூடாகும். சூடான காற்று ஒளிப்பாதையில் எழுந்தால் கண்ணாடிமேல் புகை ஓடுவதுபோலத் தெரியும். எல்இடி இருக்கும்போது அந்தத் தொல்லை எதற்கு?

எல்இடியிலும் தவறு நடக்கிறது. பூச்சுப் போடாத கண்ணாடி தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும். அதனால் டார்ச்சுக்கான பெரிய எல்இடியைப் போடுகிறார்கள். பெரும்பகுதி ஒளி, ஒளிமூலத்தைச் சிறிதாக்க விளக்கின் முன் வைக்கும் துளையிலோ மெல்லிய பிளவிலோ நுழையாமல் பக்கவாட்டில் கசிந்து கண்ணைக் கூச வைப்பதுதான் மிச்சம். சாதாரண 5 மில்லிமீட்டர் எல்இடியே போதும். பச்சை நல்லது, கண் அதிகம் உணரும் நிறம் அது, வெள்ளையும் சரி.

ஆனால் அதன் குவிந்த தலையை அப்படியே விடாதீர்கள். அது ஒளியைக் குறுகிய கூம்பாக வீசும். கண்ணாடியின் ஒரு பக்கம் மட்டும் கூடுதலாக ஒளிபெற்று, மேடு பள்ளம்போலக் காட்டும். எல்இடியின் உள்ளே ஒளிரும் சில்லின் வடிவமும் தெரியும். தலையை உப்புத்தாளால் தேய்த்துத் தட்டையாக்கி, மங்கலாகவே விட்டுவிடுங்கள். பிளேடை முழுவதும் விலக்கிவிட்டுப் பார்த்தால் கண்ணாடி முகம் முழுக்க ஒரே சீராக ஒளிர வேண்டும். அப்படியும் ஏதாவது நிழல்மேல் சந்தேகம் இருந்தால் கண்ணாடியைச் சற்றுச் சுழற்றி வையுங்கள். நிழலும் கூடவே சுழன்றால் குறை கண்ணாடியில். நின்ற இடத்திலேயே நின்றால் உங்கள் அமைப்பில்.

இனி விளக்கின் முன் வைக்கும் துளை. அலுமினியத் தாளில் ஊசியால் குத்தியது பெரும்பாலும் அளவுக்கு மீறிப் பெரிதாகிவிடும். இரண்டு பிளேடுகளால் செய்த மெல்லிய பிளவு நல்ல வழி, ஆனால் பிளவு வெட்டும் பிளேடுக்கு இணையாக இல்லாவிட்டால் நிழல் மழுங்கும். என் பரிந்துரை, பிளவே வேண்டாம். ஒரே பிளேடை எல்இடியின் பாதியை மறைக்குமாறு வைத்து, திரும்பி வரும் ஒளியையும் அதே விளிம்பால் வெட்டுங்கள். ஒரே விளிம்பு என்பதால் இணையாக்கும் வேலையே இல்லை.

விளக்கு பிளேடோடு சேர்ந்து நகர்கிறதா, ஒரே இடத்தில் நிற்கிறதா என்பதைக் கணக்குப் போடும் முன் குறித்துக்கொள்ளுங்கள். 150 மில்லிமீட்டர் விட்டமும் 1200 மில்லிமீட்டர் குவியத் தொலைவும் உள்ள பரவளையக் கண்ணாடியில் (தொலைநோக்கிக்கு வேண்டிய வடிவம் இதுதான்), மையத்திலிருந்து வரும் ஒளிக்கும் விளிம்பிலிருந்து வரும் ஒளிக்கும் பிளேடு நிற்கும் இடங்களின் வித்தியாசம் விளக்கு நிலையாக இருந்தால் சுமார் 2.34 மில்லிமீட்டர், சேர்ந்து நகர்ந்தால் அதில் பாதி, 1.17. நகரும் விளக்கை வைத்துக்கொண்டு 2.34 வரும்வரை தேய்த்தால், கண்ணாடி பரவளையத்தைத் தாண்டி, அளவுக்கு மீறித் தேய்ந்த அதிபரவளையமாகிவிடும்.