தேர்தல் விளம்பர அட்டைக்குப் பணம் கொடுத்தது யார்? அமெரிக்காவின் 527 கணக்குகளைப் படிக்கும் வழி

அமெரிக்காவில் தேர்தல் நெருங்கினால் தபால் பெட்டி நிரம்பிவிடும். ஒருமுறை எங்கள் மாநிலச் சட்டமன்ற வேட்பாளர் ஒருவரைத் தாக்கி, ஒரே வாரத்தில் நான்கு பளபளப்பான விளம்பர அட்டைகள் வந்தன. அடியில் பொடி எழுத்தில், பணம் கொடுத்த அமைப்பின் பெயர். குடும்பம், எதிர்காலம் என்று நல்ல சொற்களாகக் கோத்த பெயர். அதற்குப் பின்னால் இருக்கும் ஆட்கள் யார்? அதை அட்டை சொல்லவில்லை.

அன்று இரவு தேடியபோதுதான், அந்த விவரமெல்லாம் வரித்துறையான ஐ.ஆர்.எஸ். தளத்திலேயே பொதுவில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். லாகின் வேண்டாம், கட்டணமும் கிடையாது. ஹெச்1பி விசாவில் இருப்பவர்கள் இங்கே தேர்தலுக்கு நன்கொடை கொடுக்கச் சட்டம் அனுமதிக்காது. ஆனால் யார் கொடுத்தார்கள் என்று பார்க்க யாருக்கும் தடையில்லை. இது நம் ஆட்களில் பலருக்குத் தெரியவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

முதலில் 527 என்ற எண்ணைப் பற்றிக் கொஞ்சம். அது வரிச் சட்டத்தின் 527ஆவது பிரிவு. 1975இல் வந்தது. அரசியல் வேலைக்காக ஓர் அமைப்பு திரட்டும் நன்கொடைக்கு வருமான வரி இல்லை என்கிறது. 1990களின் கடைசியில் இதில் ஒரு சந்து இருப்பதைச் சிலர் கண்டுகொண்டார்கள். "இவருக்கு ஓட்டுப் போடுங்கள்" என்று நேராகச் சொல்லாமல் விளம்பரம் செய்தால், வரியும் கட்ட வேண்டாம், தேர்தல் ஆணையத்திடம் கணக்கும் காட்ட வேண்டாம்! 2000 மார்ச்சில், "ரிபப்ளிகன்ஸ் ஃபார் க்ளீன் ஏர்" என்ற பெயரில் ரிபப்ளிகன் கட்சியின் அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்ட ஜான் மெக்கெய்னைத் தாக்கித் தொலைக்காட்சி விளம்பரங்கள் ஓடின. பணம் போட்டவர்கள், அதே கட்சியில் அவருக்குப் போட்டியாக நின்ற ஜார்ஜ் புஷ்ஷின் ஆதரவாளர்களான டெக்சாஸ் கோடீஸ்வரச் சகோதரர்கள் சாம் வைலி, சார்லஸ் வைலி என்பது பிறகுதான் வெளியே வந்தது. அதே ஆண்டு ஜூலை 1 அன்று புதிய சட்டம் பிறந்தது. வரிவிலக்கு வேண்டும் என்றால் கொடுத்தவர் பெயரைச் சொல்லியாக வேண்டும். நாம் இப்போது படிக்கப்போகும் படிவங்கள் எல்லாம் அந்தச் சட்டம் தந்தவை.

படி 1: பெயரை அப்படியே எடுங்கள்

அட்டையில் உள்ள பெயரை எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரி ஒலிக்கும் அமைப்புகள் ஏராளம். பிறகு ஐ.ஆர்.எஸ். தளத்தில் "பொலிட்டிகல் ஆர்கனைசேஷன் ஃபைலிங் அண்ட் டிஸ்க்ளோஷர்" என்ற பக்கத்துக்குப் போய் (ஆங்கிலத்தில் தட்டித்தான் தேட வேண்டும்) அந்தப் பெயரைப் போடுங்கள். கையில் அட்டை எதுவும் இல்லையென்றால் டெமாக்ரடிக் கவர்னர்ஸ் அசோசியேஷன், ரிபப்ளிகன் கவர்னர்ஸ் அசோசியேஷன் இரண்டையும் தேடிப் பழகலாம். இரண்டுமே பெரிய 527 அமைப்புகள்.

படி 2: படிவம் 8871

இது அமைப்பின் பிறப்புச் சான்றிதழ் மாதிரி. தொடங்கிய 24 மணி நேரத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். நோக்கம், முகவரி, நிர்வாகிகள், கணக்குப் புத்தகம் யார் பொறுப்பில் இருக்கிறது என்பதெல்லாம் இதில் இருக்கும். "தொடர்புடைய அமைப்புகள்" என்ற பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். சகோதர அமைப்புகளின் பெயர் அங்கேதான் கிடைக்கும்.

படி 3: படிவம் 8872

சரி, இனிதான் விஷயம். 8872 வரவு செலவு அறிக்கை. இதில் 'ஏ' அட்டவணை வரவு, 'பி' அட்டவணை செலவு.

ஓர் ஆண்டில் மொத்தம் 200 டாலரோ அதற்கு மேலோ கொடுத்தவரின் பெயர், முகவரி, வேலை, முதலாளி எல்லாம் 'ஏ'யில் வரும். ஒருவருக்கு ஆண்டில் 500 டாலரோ அதற்கு மேலோ கொடுத்திருந்தால் அது 'பி'யில், எதற்காக என்ற குறிப்போடு வரும். 527க்குக் கொடுக்க உச்சவரம்பு கிடையாது, கம்பெனிகளும் கொடுக்கலாம். அதனால் தனி ஆட்களோடு பெரிய நிறுவனங்களின் பெயர்களும் வரிசையாக நிற்பதைப் பார்ப்பீர்கள்.

இங்கே புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. நானும் முதல் நாள் இரண்டிலும் விழுந்தேன். ஒவ்வொரு நன்கொடைக்கும் பக்கத்தில் இரண்டு தொகைகள் இருக்கும்: ஒன்று அந்த முறை கொடுத்தது, மற்றது அந்த ஆண்டில் அதுவரை கொடுத்தவற்றின் மொத்தம். இரண்டாவதைக் கூட்டினால் கணக்கு ஊதிப்போகும். முதலாவதை மட்டும் கூட்டுங்கள். அப்புறம், ஒரே காலத்துக்கு இரண்டு அறிக்கைகள் இருந்தால் ஒன்று திருத்திய அறிக்கை. அதில் "திருத்தியது" என்ற கட்டம் டிக் ஆகியிருக்கும். கடைசியாகத் தாக்கலானதை எடுத்துக்கொண்டு பழையதை விட்டுவிடுங்கள்.

கொடுத்தவர் பெயருக்குப் பதில் இன்னொரு அமைப்பின் பெயர் இருந்தால்? அதையும் இதே தளத்தில் தேடுங்கள். அது 527 என்றால் நூல் நீளும். 501(சி)(4) வகைச் சமூக நல அமைப்பாக இருந்தால் பெரும்பாலும் நூல் அங்கேயே அறுந்துவிடும். அந்த வகை அமைப்புகள் தங்களுக்குக் கொடுத்தவர் யார் என்று பொதுமக்களிடம் சொல்ல வேண்டியதில்லை. 2000இல் அடைத்த சந்துக்குப் பக்கத்திலேயே திறந்து கிடக்கும் இன்னொரு சந்து இது. இதையும் அடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒரு 527 அமைப்பு பெயர்களை மறைத்தால், மறைத்த தொகைக்கு 21 சதவீதம் கட்ட வேண்டிவரும். இன்றைய கார்ப்பரேட் வரி விகிதம் அது.

பெயரே கிடைக்கவில்லையா?

மனம் தளர வேண்டாம். கூட்டாட்சித் தேர்தல் ஆணையமான எஃப்.இ.சி.யிடம் பதிவு செய்த குழுக்கள் ஐ.ஆர்.எஸ்.ஸிடம் இந்தப் படிவங்களைத் தர வேண்டியதில்லை. அவற்றை எஃப்.இ.சி. தளத்தில் பாருங்கள். மாநில, உள்ளூர்த் தேர்தல்களில் மட்டும் வேலை செய்யும் குழு என்றால் உங்கள் மாநிலத் தேர்தல் அலுவலகத்தின் தளத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். ஆண்டு வரவு 25,000 டாலருக்குக் குறைவாகவே இருக்கும் என்று எதிர்பார்க்கும் சின்னக் குழுக்களும் 8871, 8872 தாக்கல் செய்வதில்லை.

எப்போது பார்ப்பது?

தேர்தல் ஆண்டில் ஒரு 527 அமைப்பு மாதாமாதமோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ கணக்குக் காட்டும். தேர்தல் இல்லாத ஆண்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டினால் போதும். இவை தவிர, பொதுத் தேர்தலுக்கு 12 நாள் முன்பு ஓர் அறிக்கை வரும். ஆனால் அது 20 நாள் முன்பு வரை வந்த பணத்தை மட்டும்தான் சொல்லும். கடைசி இருபது நாளில் கொட்டும் பணம் வாக்குப் பதிவுக்கு முன் நம் கண்ணில் படாது. அட்டைகள் அதிகம் வருவதும் அந்த நாட்களில்தான். அதனால் அட்டைகளைத் தூக்கிப் போட வேண்டாம், ஓர் உறையில் வையுங்கள். 2026 நவம்பர் 3 தேர்தலுக்கு, அக்டோபர் 22 அன்று ஒருமுறை பாருங்கள். தேர்தல் முடிந்து 30ஆவது நாள், டிசம்பர் 3, அடுத்த அறிக்கைக்குக் கெடு. அன்று உறையைத் திறந்து, ஒவ்வொரு பெயராக மறுபடி தேடுங்கள்.