பி.பார்ம். முடித்து அமெரிக்கா வந்தவர்களுக்கு: அந்த 20 மணிநேரத்தைச் சும்மா கழிக்காதீர்கள்

டாலஸ் பக்கம் வந்து சேர்ந்த முதல் ஜனவரியில், பொங்கல் விழாப் பந்தியில் சாம்பார் வாளியோடு வந்த ஓர் அக்கா என்னிடம், "பி.பார்மா? பேசாம டெக்னீஷியன் ஆயிடும்மா" என்றார். அப்போது சுருக்கென்று இருந்தது. நான்கு வருடம் படித்துவிட்டு மாத்திரை எண்ணவா என்று வீட்டுக்கு வந்து அழுதேன். அந்த அக்கா சொன்னது சரிதான். ஆனால் பாதிதான் சொன்னார். டெக்னீஷியன், அதாவது பார்மசிஸ்டின் உதவியாளர், ஆன பிறகு இரண்டு வருடத்துக்கு 20 மணிநேரம் தொடர்ந்து படிக்க வேண்டும். அதை எப்படிப் பயன்படுத்துவது என்ற மீதிப் பாதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கசப்பை விழுங்கிவிடுவோம். 2003 ஜனவரி 1-க்குப் பிறகு பட்டம் வாங்கியவர் இங்கே பார்மசிஸ்ட் ஆவதற்கான வெளிநாட்டுப் பட்டதாரித் தேர்வு எழுத, ஐந்தாண்டுப் பாடத்திட்டம் படித்திருக்க வேண்டும். நம் நான்கு வருட பி.பார்ம். அங்கேயே நின்றுவிடுகிறது. ஆறு வருட பார்ம்.டி. படித்தவர்களுக்கு அந்தத் தடை இல்லை. மற்றவர்களுக்குச் சீக்கிரம் கிடைக்கக்கூடியது பார்மசி டெக்னீஷியன் வேலை. வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தாருக்கான எச்-4 விசாவில் இருப்பவர்கள், இ.ஏ.டி. என்ற வேலை அனுமதி அட்டை கைக்கு வரும்வரை எந்தக் கடையிலும் வேலைக்கு நிற்காதீர்கள். "சம்பளம் வேண்டாம், சும்மா கூடமாட உதவுகிறேன்" என்பதும் வம்புதான்.

டெக்னீஷியன்களுக்குத் தேசியச் சான்றிதழ் தரும் வாரியமான பி.டி.சி.பி. நடத்தும் தேர்வைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. எழுதும் தகுதிக்கு அவர்கள் ஏற்றுக்கொண்ட பயிற்சியோ, 500 மணிநேர வேலை அனுபவமோ வேண்டும். 90 கேள்விகள், 1 மணி 50 நிமிடம். மருந்தியல் உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அமெரிக்கச் சட்டத்தையும் பெயர்களையும் மட்டும் உருப்போடுங்கள்: பாராசிட்டமால் இங்கே அசிட்டமினோஃபென், சால்பூட்டமால் ஆல்பூட்டரால், அட்ரீனலின் எபினெஃப்ரின்.

தேர்வு முடிந்ததும் எல்லோரும் மறந்துவிடுவது சி.இ., அதாவது தொடர்கல்வி. ஊரில் ஐந்து வருடத்துக்கு இரண்டு ஒருநாள் பயிற்சிக்குப் போய், கையெழுத்துப் போட்டு, மதியச் சாப்பாடு சாப்பிட்டு வருவோமே, அந்தக் கதை இங்கே நடக்காது. சான்றிதழைப் புதுப்பிக்க இரண்டு வருடத்துக்குள் 20 மணிநேரம். அதில் ஒரு மணிநேரம் பார்மசி சட்டம், ஒரு மணிநேரம் நோயாளிப் பாதுகாப்பு. கூடுதலாகப் படித்துவிட்டால் அடுத்த சுற்றுக்கு எடுத்துப் போக முடியாது.

நான் சறுக்கியது இதில்தான். நம் படிப்பு பார்மசிஸ்ட் படிப்பாயிற்றே என்ற மிதப்பில், பார்மசிஸ்டுகளுக்கான சர்க்கரை நோய்ப் பாடங்களாகத் தேடித்தேடி 12 மணிநேரம் முடித்தேன். புதுப்பிக்கும் நேரத்தில் ஒன்றுகூடச் செல்லவில்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு நீளமான எண் உண்டு. அதன் கடைசி எழுத்து 'பி' என்றால் பார்மசிஸ்டுக்கு, 'டி' என்றால் டெக்னீஷியனுக்கு. பல பாடங்கள் இரண்டு எண்ணோடும் வரும்; பதிவு செய்யும்போது 'டி'யைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த எழுத்துக்கு முன்னால் வரும் இரண்டு இலக்கம் பாடத்தின் வகை: 03 சட்டம், 05 நோயாளிப் பாதுகாப்பு, 06 தடுப்பூசி, 07 மருந்து கலத்தல். பாடத்தின் தலைப்பைப் பார்த்து ஏமாறாமல் இந்த எண்ணைப் பாருங்கள்.

முடித்த மணிநேரமெல்லாம் சி.பி.இ. மானிட்டர் என்ற இணையக் கணக்கில் ஏறும். அங்கே பிறந்தநாளை மாதம் முதலில், தேதி பிறகு என்று போட வேண்டும். ஏப்ரல் 9 என்றால் 0409. நம் கை தானாக 0904 என்று அடிக்கும். மணிநேரம் உங்கள் கணக்கில் வந்து சேராது. பெயரும் அப்படித்தான். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருக்கும் நம்மில் பலருக்கு விசாவில் முதல் பெயர் இருக்குமிடத்தில் 'எஃப்.என்.யு.' என்று அச்சாகிவிடும். முதல் பெயர் தெரியாது என்று அதற்கு அர்த்தம். தேர்வு, மாநிலப் பதிவு, சி.இ. கணக்கு என்று எல்லா இடத்திலும், கையிலுள்ள அரசு அடையாள அட்டையில் இருப்பதையே எழுத்து பிசகாமல் கொடுங்கள். ஓரிடத்தில் அப்பா பெயர், ஓரிடத்தில் கணவர் பெயர் என்று போட்டால் பிறகு நீங்கள்தான் அலைய வேண்டும்.

சரி, எந்த 20 மணிநேரம்? கடைசி வாரத்தில் இலவசப் பாடங்களைத் தட்டித்தட்டி முடிப்பவர்கள் நிறையப் பேர். விதிப்படி தவறில்லை. ஆனால் நம் பட்டத்தை எடுத்துக்கொள்ளாத ஊரில், பில் போடும் கவுண்டரைத் தாண்டி உள்ளே போக இந்த மணிநேரங்கள்தான் பயன்படும். டெக்னீஷியன் வேலையே மாறிக்கொண்டிருக்கிறது, மாறும் பக்கமாகப் பார்த்துப் படியுங்கள்.

தடுப்பூசியை எடுத்துக்கொள்ளுங்கள். டெக்னீஷியன் ஊசி போடலாம் என்று 2017-இல் ஐடஹோதான் முதலில் அனுமதித்தது. கோவிட் காலத்தில், 2020 அக்டோபரில், பார்மசிஸ்ட் மேற்பார்வையில் போட மத்திய அரசே வழி செய்தது. கோவிட், ஃப்ளூ தடுப்பூசிகளுக்கு அந்த ஏற்பாட்டை 2029 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். அங்கீகாரம் பெற்ற செய்முறைப் பயிற்சியும் சி.பி.ஆர். என்ற இதய முதலுதவிச் சான்றிதழும் கட்டாயம். ஃப்ளூ காலத்தில் கடைகள் ஆள் தேடுவது இதற்குத்தான்.

எனக்குப் பிடித்தது மருத்துவமனையின் சுத்த அறை. சிரை வழி ஏற்றும் மருந்துகளைக் கலக்கும் இடம். கிருமி புகாமல் மருந்து கலப்பதற்கான யு.எஸ்.பி. 797 என்ற விதித்தொகுப்பின் புதிய வடிவம் 2023 நவம்பர் 1-இல் நடைமுறைக்கு வந்தது. பழைய குறை ஆபத்து, நடு ஆபத்து, அதிக ஆபத்துப் பிரிவுகள் போய், 1, 2, 3 என்ற வகைகள் வந்தன. பழைய பாடத்தைப் படித்துவிட்டு நேர்முகத்துக்குப் போனால் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். உள்ளே போகுமுன் வளையல், மோதிரம், மூக்குத்தி, நகப்பூச்சு, மை எதுவும் கூடாது. பொட்டும்தான். முதல் நாள் நான் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து லாக்கர் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டுப் போனேன். இன்று அங்கே ஒரு வரிசையே இருக்கிறது. உடை, கையுறை எல்லாம் முறைப்படி போட்ட பிறகு, ஐந்து விரல் நுனியையும், கிருமி இருந்தால் வளரவிடும் அகர் தட்டில் மெல்ல அழுத்தச் சொல்வார்கள். அந்தத் தட்டை அடைகாத்து வைத்துப் பார்ப்பார்கள். ஒரு புள்ளி முளைத்தாலும் தோல்வி. தொடக்கத்தில் மூன்று முறை தொடர்ந்து தேற வேண்டும். பிறகு 1, 2 வகை வேலைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. கல்லூரியில் லேமினார் காற்றோட்டம், அதாவது வடிகட்டிய காற்று ஒரே சீராக வீசும் முறை, படித்த ஞாபகம் இங்கே கைகொடுக்கும்.

மருந்துப் பெட்டிகளைத் தொடர் எண் வைத்து மின்னணு முறையில் தடம் பார்க்கும் சட்டம் 2013-இல் வந்தது. சிறிய கடைகளுக்குக்கூட 2026 நவம்பர் 27 என்று கெடு வைத்திருக்கிறார்கள். பாடம் சுவாரசியமாக இருக்காது. ஆனால் சின்னக் கடைக்கு வேலைக்குப் போகிறவர் இதைத் தெரிந்துவைத்திருந்தால் முதலாளி விடமாட்டார்.

அப்புறம், நோயாளி என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டுப் பட்டியல் எடுக்கும் வேலை. இதற்குப் பி.டி.சி.பி. தனிச் சான்றிதழே தருகிறது. இந்த வேலையில் நம்மவர்களை அடித்துக்கொள்ள முடியாது. மகளைப் பார்க்க வந்த பெரியவர் நெஞ்சுவலி என்று வருவார், கையில் மஞ்சப்பை, அதற்குள் பாதி கிழிந்த மாத்திரை அட்டைகள். டெல்மா, கிளைகோமெட் என்று அவர் சொன்னால் டெல்மிசார்ட்டான், மெட்ஃபார்மின் என்று நமக்குத் தெரியும். வில்டாகிளிப்டின் என்ற சர்க்கரை மாத்திரை அட்டையை நீட்டினால் இங்கே அதற்கு அனுமதியே இல்லை. பக்கத்தில் இருப்பவர் விழிப்பார். "கஷாயம், சூரணம் ஏதாச்சும் குடிக்கிறீங்களா ஐயா?" என்று கேட்க வேண்டும் என்பதும் நமக்குத்தான் தோன்றும்.

கடைசியாக ஒன்று. தேசியச் சான்றிதழும் மாநிலப் பதிவும் வேறு வேறு. டெக்சாஸ் பதிவுக்கும் இரண்டு வருடத்துக்கு 20 மணிநேரம்தான், ஒரு மணிநேரம் சட்டம். ஒரே பாடத்தை இரண்டுக்கும் காட்டலாம், ஆனால் முடியும் தேதிகள் ஒன்றாக வராது. வேறு மாநிலத்தில் இருந்தால் அங்குள்ள பார்மசி வாரியத்தின் விதியைத் தனியாகப் பாருங்கள். எங்கள் வீட்டுச் சமையலறையில், ஊரிலிருந்து அம்மா அனுப்பிய காலண்டரில் அமாவாசை, கார்த்திகைக்கு நடுவே இரண்டு தேதிகளைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.